வெள்ளிக்கிழமை கட்லெட்

நாகர்கோவிலில் கொழும்பு அம்மா நடத்திய சமையல் வகுப்பில் சேர்ந்து, அத்தனை பெண்களையும் தோற்கடித்து முதலாவதாக வந்தவன் நான்.

பொய். அந்த வகுப்பின் பின்வாசலில் குத்தவைத்து மீன் செதிள் உரசிக்கொண்டிருந்தவன் நான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்பதால், நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கடைசிக் காலம் அது. எனக்கு ஊர் குளச்சல். கடற்கரையில் பிறந்தும் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே ஆண்பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தேன். அதனால் கரையில் ஏலத்துக்கு எடுத்த மீனை சைக்கிளில் கட்டிக்கொண்டு நாகர்கோவில் தெருக்களில் விற்றேன்.

கொழும்பு அம்மா என்று நாங்கள் சொன்னது, இலங்கையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு சி.எஸ்.ஐ. சபை அம்மாவை. என் வயதுதான் இருக்கும். கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்களுக்குத் தன் வீட்டில் கட்லெட், பாட்டீஸ், புட்டிங் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பட்டணத்துப் பெண்கள் மீனைத் தொட்டால் கையை உதறுவார்கள். ஆகையால் நான் ஆய்ந்து கொடுப்பேன். கூலியாக, செய்ததில் ஒரு துண்டு என் கைக்கும் வரும். வெண்ணெயும் சீனியும் முட்டையும் சேர்ந்த ஒரு மணம் அந்தப் பின்வாசலுக்கு வரும் பாருங்கள், சொர்க்கத்துக்குப் பின்வாசல் இருந்தால் இப்படித்தான் மணக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது என் மனைவி மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்த முறை அவளுக்கு வந்த மசக்கை, மீன்காரன் பெண்டாட்டிக்கு வரக் கூடாத மசக்கை. மீன் வாடை பட்டாலே குமட்டல். அப்படியென்றால் என்னைக் கண்டாலே குமட்டல். எனக்கு வாசலில்தான் படுக்கை. கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வரும், இளநீர் குடித்தால் இளநீர். கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது. பேறு பார்க்கிற கிழவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே போனா ரெண்டு உசுரும் தங்காது, கேட்டியா" என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் வகுப்பில் மீன் கட்லெட் செய்தார்கள். என் பங்கை ஆசையாகக் கொண்டுபோனேன். அவள் மோந்து பார்த்துவிட்டு, "மேல உள்ள மொறுமொறுப்பு மட்டும் நல்லா இருக்கும் போல. உள்ள மீனுல்லா கெடக்கு" என்று ஏக்கமாகச் சொல்லித் தள்ளி வைத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் வாயில் 'நல்லா' என்ற சொல் வந்தது அன்றுதான்.

மறுநாளே கொழும்பு அம்மாவிடம் போய் நின்றேன். "மீன் இல்லாம இதைச் செய்ய முடியாதாம்மா?"

"ஏன் முடியாது? வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சியில செய்யப்போறோம். நீயே வந்து உன் கையால செய்து கொண்டுபோ."

வெள்ளிக்கிழமை மீனை விற்று முடித்து, சோப்புப் போட்டு மூன்று தரம் குளித்துவிட்டுப் போனேன். அன்றுதான் முதல் தடவையாகப் பின்வாசலைத் தாண்டினேன். உருளைக்கிழங்கைப் பிசைந்தேன். கொத்தின இறைச்சியில் மிளகும் வெங்காயமும் சேர்த்துக் கிளறினேன். முட்டையில் முக்கி ரொட்டித்தூளில் புரட்டினேன். பழக்க தோஷம், நான் பிடித்தது எல்லாம் தலையும் வாலுமாக சாளை மீன் போலவே வந்தது.

"அண்ணாச்சி, இதுக்குச் செதிள் உரசணுமா, இல்ல அப்படியே பொரிக்கலாமா?" என்றாள் ஒருத்தி. வீடே சிரித்தது.

"செய்ததை ருசி பார்க்காம யாரும் போகக் கூடாது" என்பது கொழும்பு அம்மாவின் சட்டம். எனக்கு வாயெல்லாம் தண்ணீர். ஆனாலும் வீட்டில் அவளோடு சேர்ந்து தின்கிறேன் என்று கெஞ்சி, என் பங்கான இரண்டையும் வாழையிலையில் பொதிந்து வாங்கினேன். மீன் கூடையின் வாடை பட்டுவிடக் கூடாதே என்று, கழுத்தில் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வழி நெடுக அந்த மணம் மூக்குக்குக் கீழேயே ஊஞ்சலாடியது.

வீட்டில் இலையைப் பிரித்தேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். "என்ன மணம் இது!" என்று கையில் எடுத்தாள். வாய்க்குப் பக்கத்தில் போகும்போது மாதா கோவில் மணி அடித்தது. அவள் கை நின்றுவிட்டது.

"இண்ணைக்கு வெள்ளிக்கிழமைல்லா?"

தலையில் இடி விழுந்தது. நாங்கள் கத்தோலிக்க வேதக்காரர்கள். வெள்ளிக்கிழமை இறைச்சி தொட மாட்டோம்; சி.எஸ்.ஐ.காரர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. "இண்ணைக்கு வெள்ளிக்கிழமை, மீன் வாங்குங்கோ" என்று தெருத்தெருவாகக் கூவி விற்றவனே நான்தான்!

"நாளைக்குத் தின்னலாம்" என்று அவள் திரும்பவும் படுத்துக்கொண்டாள். மசக்கைக்காரியின் ஆசை நாளை வரைக்கும் இருக்குமா? பங்குச் சாமியார் வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "வயித்துல உள்ள பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிட்டா?"

"இல்ல சாமி. இன்னும் பிறக்கவே இல்லியே."

"பின்ன அதுக்கு ஏதுடே வெள்ளிக்கிழமை? போய்த் தின்னச் சொல்லு." நான் திரும்பி ஓடும்போது பின்னாலிருந்து கத்தினார்: "ஏலே, நீ தின்னக் கூடாது! உன் வயிறு பெருத்தது வேற வகை!"

வீட்டுக்கு வந்தால், அவள் இலையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சாமியார் சொன்னதைச் சொன்னேன். ஒரு கடி கடித்தாள். நான் பழக்கத்தில் வாந்தி ஏந்துகிற சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இன்னொரு கடி. முழுசும் முடிந்தது. சட்டிக்கு வேலை வரவில்லை.

இரண்டாவதை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். "நீங்களும் ஒண்ணு தின்னுங்க."

"ஏட்டி, எனக்கு வெள்ளிக்கிழமை உண்டும். நான் என்ன மாசமாவா இருக்கேன்?"

அவள் சிரித்த சிரிப்பில் அந்தக் குழி விழுந்த கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்ப உங்களுக்கும் சேத்து நானே தின்னுடுதேன்" என்று அதையும் தின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று ராத்திரி, என்னை வீட்டுக்குள் படுக்கச் சொன்னாள்.

அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதன் பிறகு கட்லெட்டை திருவனந்தபுரத்தில் தின்றேன், மதுரையில் தின்றேன், பெரிய ஓட்டலில் கத்தியும் முள்ளும் வைத்துக்கூடத் தின்றேன். எதுவும் அந்த மணத்துக்குப் பக்கத்தில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தேடுகிறேன், அதுதான் வேடிக்கை. அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரம், நடந்ததைச் சொல்ல கொழும்பு அம்மா வீட்டுக்குப் போனேன். நான் பின்வாசலுக்குப் போக, அவர் முன்வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டு...

"அப்பா! கட்லெட்டு ஆறுது. கதை விட்டது போதும், எந்திரிச்சு வாங்க!"

கூப்பிடுவது என் மகள். அன்று வயிற்றில் இருந்து, வெள்ளிக்கிழமை இல்லாமல் தின்றவள். போகாவிட்டால் என் பங்கையும் சேர்த்துத் தின்றுவிடுவாள், அம்மாவுக்குத் தப்பாத பிள்ளை. போகிறேன். ஆனால் எத்தனை தின்றாலும், அன்று அவள் அம்மா என் வாய்க்கு நேரே நீட்டி நான் தின்னாமல் விட்ட அந்த ஒன்றுக்குத்தான் இன்றைக்கும் எனக்குப் பசிக்கிறது.