கானெட்ஸ் பந்துவீச்சாளனின் இருமல்

நியூசிலாந்தின் ஆக்லாந்து கானெட்ஸ் பேஸ்பால் அணியை ஏன் இழுத்து மூடினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மைதான வாடகை ஏறிவிட்டது என்பார் ஒருவர். ரக்பி ஊரில் பேஸ்பால் நடத்தியதே பைத்தியக்காரத்தனம் என்பார் இன்னொருவர். அதே ஊரில் ஹில்ஸ்பரோ பக்கம் இருக்கும் சாந்தகுமாரி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து போய் அடுப்பில் எதையாவது கிளறுவாள். அடுப்பில் ஒன்றும் இல்லாத நாளிலும் கிளறியிருக்கிறாள். அந்த அணியைக் கவிழ்த்தது தான்தான் என்பது அவளுடைய முடிவு. அது முழு உண்மை இல்லை. முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் தொல்லை.

சாந்தகுமாரி கும்பகோணத்துக்காரி. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். கணவர் ராம்பிரசாத்துக்கு மங்கரேயில், விமானச் சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஒரே மகள் அபர்ணா படிக்க வெலிங்டன் போன பிறகு வீட்டில் ஓர் அறை காலியாகிவிட்டது. சாந்தகுமாரி பழக்கதோஷத்தில் மூன்று பேருக்குச் சமைப்பதும், ராம்பிரசாத் மறுநாளும் அதையே சாப்பிடுவதுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது.

கானெட்ஸ் புதிதாகக் கிளம்பிய அணி. முரிவாய் கடற்கரைப் பாறைகளில் கூடு கட்டும் பறவையின் பெயரை வைத்துக்கொண்டு, கோடைக்காலத்தில் ஆஸ்திரேலிய அணிகளோடு மோதியது. முதல் வருஷம் போன இடமெல்லாம் மண்ணைக் கவ்வியது. ஆட்டம் பார்க்க வந்தவர்களைவிட வேலிக்கு வெளியே நாயை நடத்திக்கொண்டு போனவர்கள்தான் அதிகம். இரண்டாம் வருஷம் நிர்வாகத்துக்குப் புத்தி வந்து, தைவானிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் சில பையன்களை வரவழைத்தார்கள். ஓட்டலில் தங்கவைக்க வசதி இல்லை. ஊர்க் குடும்பங்கள் ஆளுக்கொருவரை வீட்டில் வைத்துக்கொண்டால் உண்டு. அணியின் மேனேஜர் கிரெய்க்கின் தாயார் சாந்தகுமாரி வேலை பார்க்கும் இல்லத்தில்தான் இருந்தார். அம்மாவைப் பார்க்க வந்த கிரெய்க் அவளிடம் கேட்க, அவள் கணவரைக்கூடக் கேட்காமல் தலையை ஆட்டிவிட்டாள்.

அப்படி வந்து சேர்ந்தவன் ஜுன்வெய். தைனான் நகரத்துப் பையன், பந்து வீசுகிறவன். வாசல் நிலையில் இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் வருவான். வந்த வாரமே அவன் பெயர் ஜூனு ஆகிவிட்டது. இட்லியை அவன் தின்ற வேகத்தைப் பார்த்து ராம்பிரசாத் கிரைண்டரை மாற்றவேண்டும் என்றார். சாந்தகுமாரி எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனாள். ஆட்டம் புரியாவிட்டாலும், எதிராளி மட்டையைக் காற்றில் வீசிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனால் அது நம் ஜூனு செய்த வேலை என்பது மட்டும் புரிந்தது. அதற்கே எழுந்து நின்று கைதட்டினாள்.

அடுத்த கோடையிலும் அவன் இதே வீட்டுக்குத்தான் வருவேன் என்று கேட்டு வந்தான். அந்த வருஷம் அணிக்குச் சுக்கிர திசை. வரிசையாக ஜெயித்தார்கள். நாயோடு போனவர்கள் வேலிக்கு உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பெயிண்ட் கம்பெனி ஒன்று சட்டையில் தன் பெயரைப் போடக் காசு கொடுத்தது. அரையிறுதி உறுதியான நேரத்தில் ஜூனுவுக்குச் சளி பிடித்தது.

சும்மா சளியில்லை. இருமினால் வீட்டுச் சுவரே இருமுவதுபோல் இருக்கும். அணியில் ஒரு கண்டிப்பு உண்டு: இருமல் மிட்டாய் என்றாலும் டிரெயினரைக் கேட்காமல் வாயில் போடக்கூடாது. டிரெயினர் வெந்நீரும் ஓய்வும் போதும் என்று சொல்லிவிட்டார். சாந்தகுமாரி கொண்டுபோய் நீட்டிய சூரணத்தை அவன் இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பித் தந்தான்.

அவன் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: "கேக்காம எடுக்கக் கூடாது, ஆன்ட்டி. மன்னிச்சிடுங்க."

அந்தச் சூரணம் கும்பகோணத்து வைத்தியர் ஒருவர் இடித்துக் கொடுத்தது. ஏர்போர்ட்டில் டிக்ளேர் செய்து, அதிகாரி முகர்ந்து பார்த்துத் தும்மி, பிறகு போகவிட்டது. அபர்ணாவுக்கு அதை வாழைப்பழத்தில் வைத்தும் ஜாமில் குழைத்தும் கொடுத்தே வளர்த்திருக்கிறாள். மருந்து என்று சொன்னால் எந்தப் பிள்ளை குடிக்கும்? வேலை செய்யும் இடத்தில் சார்ட்டைப் பார்க்காமல் ஒரு பாரசிட்டமால்கூடக் கொடுக்காதவள், வீட்டு அடுப்படிக்கு வந்ததும் வெறும் அம்மா ஆகிவிட்டாள். பனங்கற்கண்டும் மஞ்சளும் போட்ட சூடான பாலில் சூரணத்தைக் கலக்கி, "மஞ்சள் பால்ப்பா, குடி" என்று கொடுத்தாள். அவன் அதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். மறுநாளும் கொடுத்தாள். அடுத்த நாளும். இருமல் ஓடிவிட்டது. அவளுக்குப் பெருமையான பெருமை!

பிறகு ஒரு நாள் கிரெய்க் வீட்டுக்கே வந்தார். வழக்கமான சோதனையில் ஜூனுவின் சிறுநீரில் தடை செய்த ஊக்கப்பொருள் இருக்கிறதாம். இனி விசாரணை முடியும்வரை மைதானத்தில் கால் வைக்கக்கூடாதாம். ஜூனு புரியாமல் நின்றான். சாந்தகுமாரிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சமையலறைக்குப் போய்ச் சூரணம் முழுவதையும் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தப்பு செய்ததுகூடத் தெரியாமல் செய்தது. இதைத் தெரிந்தேதான் செய்தாள்.

ராம்பிரசாத்திடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. "வாயத் திறக்காத சாந்தா. ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும். நர்ஸே மருந்தை ஒளிச்சுக் கொடுத்தாள்னு எழுதுவாங்க. அவன்தான் ஒண்ணும் எடுக்கலையே, தானா விட்டுடுவாங்க."

"விட்டுடுவாங்களா?"

"விடாம என்ன பண்ணுவாங்க?"

அவள் அதை நம்ப விரும்பினாள், அதனால் நம்பினாள். அரையிறுதியில் ஜூனு இல்லாத கானெட்ஸ் பரிதாபமாகத் தோற்றது. பெயிண்ட் கம்பெனி தன் பெயரைக் கழற்றிக்கொண்டது. ஊக்கமருந்து அணி என்று பேப்பரில் வந்தது. ஜூனு காலையில் தோசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "நான் ஒண்ணும் எடுக்கல, ஆன்ட்டி. நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்பான். "நம்புறேன்ப்பா" என்பாள். உலகத்தில் அவனை ஆதாரத்தோடு நம்பிய ஒரே ஆள் அவள்தான். நம்பிக்கொண்டே இன்னொரு தோசை வைத்தாள்.

யாரும் விட்டுவிடவில்லை. உடம்புக்குள் எது போனாலும் ஆட்டக்காரனே பொறுப்பு என்று சொல்லி இரண்டு வருஷத் தடை போட்டார்கள். அவன் ஊருக்குக் கிளம்பினான்.

விமான நிலையத்துக்கு சாந்தகுமாரிதான் காரில் கூட்டிப் போனாள். கார் பார்க்கில் நிறுத்தியதும் அவன் தானாகவே ஆரம்பித்தான். டிசம்பரில் அவன் அம்மா மூலிகைச் சூப் பொட்டலங்கள் பார்சலில் அனுப்பியிருந்தார். விசாரணையில் வேறு வழி தெரியாமல் அதைச் சொல்லிவிட்டான். பொட்டலம் தீர்ந்துபோனதால் சோதிக்க முடியவில்லை. ஆனால் அம்மாவின் சூப்தான் காரணம் என்று ஊரில் எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். அம்மாவோடு பேசுவதையே அப்பா நிறுத்திவிட்டார்.

"அம்மாவும் அப்படித்தான் நினைக்கறாங்க. என் பிள்ளையை நானே கெடுத்துட்டேன்னு அழறாங்க. சரியா சாப்பிடறதில்ல."

சாந்தகுமாரி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன் வேலை, தன் பெயர், தன் வீடு என்று இத்தனை நாள் கட்டிக் காத்ததெல்லாம் ஒரு பெண் சாப்பிடாமல் கிடக்கும் செலவில்தான் என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது.

"உங்க அம்மா இல்லப்பா. நான். அந்தப் பால்ல கலந்து கொடுத்தேன். நீ வேண்டாம்னு சொன்ன அதே பொடி."

அவன் சீட் பெல்ட்டைக் கழற்றினான். "எப்போலேர்ந்து தெரியும்?"

"கிரெய்க் வந்த அன்னிக்கே."

கதவைத் திறந்து வெளியே போய் நின்றான். அவளும் இறங்கி, நாளைக்கே விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றாள்.

எழுதிக் கொடுக்கவும் செய்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடையைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். நர்ஸிங் கவுன்சில் அவளைக் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்டது. ராம்பிரசாத் பயந்த எதுவும் நடக்கவில்லை. முதல் நாளே வாயைத் திறந்திருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் தடை முடிந்து ஜூனு திரும்பிவர கானெட்ஸ் என்று ஓர் அணி மிச்சம் இல்லை.

கார் பார்க்கில் அன்று அவன் கேட்டது வேறு. "குழுவுக்கு அப்புறம் எழுதலாம். முதல்ல என் அம்மாகிட்ட சொல்லுங்க."

அங்கேயே போனில் அம்மாவை அழைத்தான். வீடியோவில் வந்தது நறுக்கிய தலைமுடியும் ஒட்டிய கன்னமுமாக ஒரு பெண். சாந்தகுமாரி ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்ல, ஜூனு தட்டையான குரலில் அதைத் தன் மொழியில் மாற்றிச் சொன்னான். நான் கொடுத்தேன். அவனுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொன்னான். ஏமாற்றிக் கொடுத்தேன். பிறகு மறைத்தேன்.

அந்த அம்மா ஏதோ கேட்டார்.

"இப்படிச் சொல்லச் சொன்னது நானான்னு கேக்கறாங்க" என்றான் ஜூனு.

"இல்லம்மா, சத்தியமா இல்ல" என்று சாந்தகுமாரி தமிழிலேயே சொல்லிவிட்டாள். அதை அவன் மொழிபெயர்க்கவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். திட்டுவார் என்று சாந்தகுமாரி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவரோ கையை எடுத்து, தலையைக் குனிந்து குனிந்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நன்றி சொல்றாங்க" என்றான் ஜூனு, அவளைப் பார்க்காமல்.

"ஐயோ, வேண்டாம்னு சொல்லுப்பா."

"அதை நீங்களே சொல்லுங்க" என்று போனை அவள் கையில் திணித்துவிட்டு, டிக்கியைத் திறந்து தன் பெட்டிகளை எடுக்கப் போனான்.

அந்த அம்மா இன்னும் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மொழியில் வேண்டாம் என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று சாந்தகுமாரிக்குத் தெரியவில்லை.