இடுப்போடு திரும்பிய ஓட்டுநர்

காலை ஐந்து நாற்பது. ஐயப்பன்தாங்கல் பணிமனையை விட்டு வெளியே வந்த பேருந்து, சாலையில் ஏறுவதற்கு முன் வாசலில் ஒரு கணம் நின்றது. நான் முதலில் கவனித்தது ஓட்டுநரின் தோள்களை. வலப்பக்கம் வண்டி வருகிறதா என்று பார்க்க அவர் தலையை மட்டும் திருப்பவில்லை. தோள், மார்பு, இடுப்பு எல்லாம் ஒரே பலகையாகத் திரும்பின. கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

ஓட்டுநர் என் மனைவியின் அண்ணன். பத்திரிகை அலுவலகத்தில் எனக்குக் காலை வேலை அமையும் வாரங்களில் அவருடைய வண்டியில்தான் போவேன்.

"இன்னா அண்ணாத்தே, கழுத்துல கல்யாண மாலையா? அப்படியே மாப்ள மாதிரி வெறப்பா கீற" என்றார் நடத்துநர்.

"உனுக்கு இன்னா நைனா, நின்னுகினு டிக்கெட்டு கிழிக்கிற. இங்க வந்து குந்திப் பாரு."

பணிமனையில் அதற்கு 'டிரைவர் கழுத்து' என்று பெயர். எல்லோருக்கும் வரும். தைலம், ஈரத்துண்டு, ஞாயிற்றுக்கிழமை சலூனில் கழுத்துக்கு ஒரு சொடக்கு. திங்கட்கிழமை வண்டி எடுப்பதற்கு முன் சொடக்கு எடுத்துக்கொள்வது பல ஓட்டுநர்களுக்கு வண்டிக்கு டீசல் போடுவது மாதிரி. இவருடைய வலி மட்டும் படுத்த பிறகு கூடியது, தூக்கத்தில் எழுப்பியது. அதை அவர் மனைவி ஒருமுறை சொன்னார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் வீடு கள்ளிக்குப்பத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சமையல் முடிவதற்குள் சலூனுக்குப் போய்வரலாம் என்று என்னையும் அழைத்துப் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சவரம் முடிந்ததும் சலூன்காரர் அவர் தாடையில் ஒரு கையும் உச்சந்தலையில் ஒரு கையும் வைத்தார்.

"தலைய லூஸா உடு அண்ணாத்தே."

"உட்டுகினுதான் கீறேன். நீ இழு."

இடப்பக்கம் வழக்கம்போலச் சத்தம் வந்தது. வலப்பக்கம் சத்தமே வரவில்லை. போர்த்தியிருந்த துணிக்குள் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் துள்ளின.

"ரெண்டு கையிலயும் கரண்ட் அடிச்சா மாதிரி கீது" என்றார், சாதாரணக் குரலில். சலூன்காரர் கைகளை எடுத்துவிட்டார். அவர் முகத்தில்தான் பயம் தெரிந்தது.

வீட்டில் கறிக்குழம்பு. என் மைத்துனரால் சோற்றைப் பிசைய முடியவில்லை. வலக்கை விரல்கள் கூடவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். "நாளிக்கு டூட்டிக்குப் போவாத. ஆஸ்பத்திரிக்குப் போற."

ஸ்கேன் படத்தில், மேலிருந்து இரண்டாவது கழுத்தெலும்பின் உட்புறம் அரிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு கட்டி, தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டு. ஊசி வைத்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்தபின் மருத்துவர் கட்டியின் பெயரைச் சொன்னார்: கார்டோமா, எலும்பில் வரும் ஒருவகைப் புற்று. வேறெங்கோ தொடங்கிப் பரவியது அல்ல. கருவில் முதுகெலும்பு உருவாகும் முன் அந்த இடத்தில் மெல்லிய தண்டு ஒன்று இருக்கும். எலும்பு வந்ததும் அது மறைந்துவிட வேண்டும். சிலருக்குத் துணுக்குகள் தங்கிவிடும். அந்த மிச்சம் மிக அபூர்வமாக, ஐம்பது வயதிலும் வளரத் தொடங்கலாம். டாக்டரம்மா தன் அனுபவத்தில் கழுத்தில் இதைப் பார்த்தது மிகக் குறைவு என்றார்.

"அந்த சலூன்காரன் பண்ணதா மேடம்?" என்று கேட்டார் மைத்துனர்.

"இல்லைங்க. அவர் இதை உண்டாக்கல. ஆனா அன்னைக்கு அந்த எலும்பு உடைஞ்சிருந்தா நீங்க இங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க."

பிறகு செய்யப்போவதை விளக்கினார். கட்டியை முழுவதும் எடுக்கப் பார்ப்பார்கள். அதோடு எலும்பும் போகும். மண்டையோட்டின் அடியிலிருந்து கழுத்தின் பாதி வரை கம்பி வைத்துப் பூட்டுவார்கள். தலை இடவலமாகத் திரும்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. பூட்டப்போவது அதைத்தான்.

"அப்ப வண்டி?"

"பஸ் ஓட்ட முடியாதுங்க."

"கண்ணாடி ரெண்டு பெருசா வெச்சிக்கினா?"

மருத்துவர் சிரிக்கவில்லை. "ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி. நான் சரின்னு சொல்ல மாட்டேன்."

"அப்டியே உட்டா?"

"மெதுவாத்தான் வளரும். ஆனா வளரும். முதல்ல கை போகும். அப்புறம் மூச்சு."

வெளியே வராந்தாவில் மைத்துனர், அவர் மனைவி, நான் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மைத்துனர் வலக்கையை மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டீரிங்க உட்டுட்டு நா இன்னா பண்றது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"இன்னா பண்ணுவ, ஊட்ல குந்திகினு என் உயிர வாங்கு. அதுக்கு நீ இருக்கணும்ல."

அவர் வலக்கையை மடியில் வைத்தார். பிறகு என் பக்கம் உடம்போடு திரும்பினார். "போய் சொல்லிடு மாப்ள. பண்ணிக்கிறேன்னு."

பின்பக்கமாக ஒரு அறுவை சிகிச்சை, முன்பக்கமாக ஒன்று, அதன்பின் கதிர்வீச்சு. கழுத்துப் பட்டையோடு பல மாதங்கள். வலக்கையின் பிடி திரும்பிவிட்டது. சட்டைப் பொத்தான் போட மட்டும் நேரமாகிறது. அதே சலூனுக்குத்தான் போகிறார். சலூன்காரர் இப்போது அவர் தலையைத் தொட்டுத் திருப்புவதில்லை; நாற்காலியைத் திருப்புகிறார். இல்லையென்றால் தானே சுற்றி வந்து மறுபக்கம் நிற்கிறார்.

பணிமனையில் அவருக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள். காலையில் வண்டிகள் ரிவர்ஸில் வரும்போது ஓரமாக நின்று விசில் ஊதி வழி சொல்வது அதில் ஒன்று. போன வாரம் அங்கே பார்த்தேன். "வா... வா... ஒடிச்சிக்கோ... போதும்." பக்கத்திலிருந்து மச்சான் என்று கூப்பிட்டேன். காலை எடுத்து வைத்து முழுதாகத் திரும்பினார்.

"இன்னா மாப்ள, இந்த வாரம் காலைலயா?"

ஆமாம் என்றேன். கடைசி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார். வருடா வருடம் பார்க்க வேண்டுமாம். நான் போகும் வண்டியை எடுக்கப் புது ஓட்டுநர் ஒருவர் வந்தார். ஏறி உட்கார்ந்தேன்.

மைத்துனரின் கனரக வாகன உரிமம் ஆகஸ்டில் முடிந்தது. அவர் புதுப்பிக்கவில்லை.