லென்ஸுக்குப் பக்கத்தில் நின்றவன்

1. பழுப்பு கார்டிகன்

ஷூட்டிங்கில் முதல் நாள் என்னிடம் ஒரு பழுப்பு நிறக் கார்டிகனைத் தந்தார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த நடிகன் யோகனும் பழுப்பு நிறக் கார்டிகன்தான் போட்டிருந்தான். அவனுடையது நல்ல கம்பளி, என்னுடையது கழுவிக் கழுவி முழங்கையில் தேய்ந்தது. ஏன் என்று உடுப்புக்காரப் பெண்ணிடம் கேட்டேன். அவருடையது கமராவுக்கு, உங்களுடையது லைட்டுக்கு என்றாள்.

ஷூட்டிங் வேலைக்கு வரலாமா என்று இப்போது எங்கள் பிள்ளைகள் சிலர் என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்தது ஸ்டாண்ட்-இன் வேலை. ஒரு காட்சியை எடுப்பதற்கு முன் லைட் வைக்க வேண்டும், ஃபோகஸ் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் நடிகரை நிற்க வைக்க மாட்டார்கள். அவருடைய உயரமும் நிறமும் உள்ள இன்னொருவரை நிறுத்துவார்கள். "செகண்ட் டீம்" என்று கூப்பிட்டால் நான் போய், நிலத்தில் டேப் ஒட்டிய மார்க்கில் நிற்பேன். என் முகத்தில் லைட் விழும். எல்லாம் சரிவந்ததும் "ஃபர்ஸ்ட் டீம்" என்பார்கள். நான் வெளியே வருவேன், யோகன் உள்ளே போவான். நான் நின்று சூடாக்கிய இடத்தில் அவன் நிற்பான். அதற்குப் பிறகுதான் கமரா ஓடும்.

பொறாமையாக இருந்ததா என்று கேட்பீர்கள். ஓம். இல்லை என்று சொல்ல நான் சாமியார் இல்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவி தேவி கேட்டா:

"இஞ்சாருங்கோ, உங்கடை முகம் எப்ப வரும்?"

"வராது."

"கையாவது?"

"கையும் வராது."

"பேந்து என்னத்துக்கு உடுப்புத் தந்தவை?"

சோற்றைப் போடு என்றேன்.

2. நான் ராசா, அவன் காவலாளி

என் எரிச்சலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கனடாவில், மொன்றியலில் எங்கள் ஆட்கள் ஆண்டு விழாக்களுக்கு நாடகம் போடுவார்கள். பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, திரை கட்டி, மைக் இரண்டு தொங்கவிட்டு நடக்கும். அதில் நான்தான் எப்போதும் ராசா. என் குரலுக்கு மைக்கே தேவையில்லை. கடைசி வரிசையில் இருக்கும் செவிட்டுக் கிழவருக்கும் கேட்கும். பகலில் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன் மாலையில் நாடு ஆண்டேன்.

யோகன் என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவன். வில்லரேயில் எங்கள் தெருவில்தான் இருந்தான். கதைத்தால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. அவனுக்குக் காவலாளி வேடம். ஈட்டியைப் பிடித்தபடி நாடகம் முழுக்க நிற்க வேண்டும், நடுவில் "மன்னா, தூதன் வந்திருக்கிறான்" என்று ஒரு வசனம். அவ்வளவுதான். ஆனால் சனம் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அவன் மெல்ல ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நிற்பான். பாவம் கால் உளையுதாக்கும் என்று முன்வரிசையில் ஒரு அம்மா சொன்னது மேடை வரை கேட்டது. அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஒரு பிரெஞ்சு டிவி தொடருக்கு டெப்பனர் என்கிற தெருமுனைக் கடை நடத்துகிற தமிழ்த் தகப்பன் வேடத்துக்கு ஆள் தேடினார்கள். இரண்டு பேரும் போனோம். நான் வசனத்தைச் சொன்னதும் ஆள் எடுக்கிற பெண் தன் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள். யோகன் போய் முணுமுணுத்தான். அவள் கதிரையை முன்னால் இழுத்தாள். கதவு கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வேடம் அவனுக்கு. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் சில மாதம் கழித்து அவனே போன் எடுத்தான். "மகேசண்ணை, எனக்கு ஸ்டாண்ட்-இன் ஒராள் தேடீனம். நீங்கள் என்ரை உயரந்தானே. ரிட்டயராகி வீட்டிலை சும்மா இருக்கிறியள். நான் உங்கடை பேரைக் குடுத்திட்டன்."

அந்த வேலையை வாங்கித் தந்தவனும் அவன்தான் என்பதைவிட மோசமாக ஏதும் இருக்கிறதா? போக மாட்டேன் என்று தேவியிடம் சொன்னேன். அடுத்த நாள் காலை போனேன். கமரா இருக்கிற இடத்துக்குப் போக எனக்கு ஆசை இருந்தது, அதுதான் காரணம்.

அங்கே நான் ஒரு வேலையை யாரும் கேட்காமலே செய்தேன். யோகனின் வசனம் எல்லாவற்றையும் பாடமாக்கினேன். ஸ்டாண்ட்-இன்னுக்கு அது தேவையில்லை. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். ஆனாலும் மார்க்கில் நிற்கும்போது மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன், நான் சொல்வதுதான் திறமாக இருக்கிறது என்று முடிவு எடுப்பேன். பிறகு யோகன் வந்து முணுமுணுப்பான். இவன் நடிக்கவே இல்லையே, இதற்கா இந்தச் சனம் தலையில் வைத்து ஆடுகிறது என்று தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்று புகைவேன்.

3. பல் வீங்கிய நாள்

முதல் சீசனின் பெரிய காட்சி அது. துப்பறியும் பெண் அதிகாரி டெப்பனருக்குள் வருகிறாள். தகப்பன் வழக்கம்போலக் கோப்பி ஊற்றி வைக்கிறான். மகன் செத்துப்போனான் என்று அவள் சொல்கிறாள். தகப்பன் இரண்டு மூன்று கேள்வி கேட்கிறான். கடைசியில், "உங்கடை கோப்பி ஆறப்போகுது" என்கிறான். அதைக் கேட்டு அவள் உடைந்து போக வேண்டும். அதிகாரியாக நடித்தவளின் பெயர் ஜெனவீவ்.

அன்று காலை யோகன் வந்தபோது ஒரு பக்கக் கன்னம் மாம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. பல். மேக்கப்காரி பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அவனைப் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை. மனம் குதித்தது.

ஃபர்ஸ்ட் ஏ.டி. கரீன் என்கிற பெண். செட்டில் எல்லாரையும் மேய்க்கிற வேலை அவளுடையது. அவளிடம் போய், எனக்கு வசனம் முழுக்கப் பாடம், நான் செய்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னேன். களஞ்சியத்தில் முப்பது வருடம் கதைத்த பிரெஞ்சு, பிழை சொல்ல இடமில்லை.

"மெஸ்யூ மகேஸ், அவரின்ரை முகத்தைச் சனம் மூண்டு எபிசோட் பாத்திட்டுது. இனி முகத்தை மாத்தேலாது" என்றாள் அவளும் பிரெஞ்சில். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனால் இண்டைக்கு ஜெனவீவின்ரை க்ளோஸ்-அப்பை எடுத்து முடிக்கலாம். நீங்கள் லென்ஸுக்குப் பக்கத்திலை நிண்டு வசனத்தைச் சொல்லுங்கோ. அவவுக்குப் பாக்க ஒரு முகம் வேணும். ஒண்டு மட்டும், நடிக்க வேண்டாம். சும்மா சொன்னால் காணும்."

கடைக் கவுண்டர் ஜெனவீவின் பக்கம் இருந்தது. எனக்கு நிற்க ஒரு மரப்பெட்டியும், மார்க்குக்கு ஒரு துண்டு டேப்பும். கமரா அவளைப் பார்த்தது, அவள் என்னைப் பார்த்தாள். "சிலான்ஸ்", சத்தம் வேண்டாம், என்றார்கள்.

நடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே. கத்தினால் உடனே நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அதனால் குரலை இறக்கி, கடையில் சாமான் விலை சொல்கிற மாதிரிச் சொன்னேன். எங்கே கண்டெடுத்தவை என்று கேட்டேன். குளிர் உடுப்புப் போட்டிருந்தவனோ என்று கேட்டேன். அவள் பதில் சொன்னாள். பிறகு கோப்பி வசனம் வந்தது. ஸ்கிரிப்டின்படி உடனே சொல்ல வேண்டும்.

எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. அதைச் சொன்னால் காட்சி முடிந்துவிடும். யோகனின் பல் நாளைக்குச் சுகமாகிவிடும். நான் திரும்பவும் லைட்டுக்கு முன்னால் நிற்கிற கார்டிகன் ஆகிவிடுவேன். ஒரு நடிகை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் என்ன சொல்வேன் என்று காத்து நிற்பது இனி எப்போது? நான் பேசாமல் நின்றேன். ஸ்கிரிப்ட் பார்க்கிற பெண் தலையைத் தூக்கினாள், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். இன்னும் நின்றேன். ஜெனவீவின் முகம் மெல்ல மாறத் தொடங்கியது. இனி இழுத்தால் திட்டு விழும் என்று தெரிந்தபோது, "உங்கடை கோப்பி ஆறப்போகுது" என்றேன். அவள் அழுதாள். நடிப்புக்கு அழுகிற அழுகை மாதிரி இல்லை, மூக்கெல்லாம் ஒழுகியது.

டைரக்டர் வெளியே வந்து அவளைக் கட்டிப்பிடித்தார். என்னிடம் மெர்சி என்று ஒரு நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

4. அந்த மௌனம்

இரண்டு நாள் கழித்து யோகன் வற்றிய கன்னத்தோடு வந்தான். இப்போது அவனுடைய பக்கத்தை எடுக்க வேண்டும். ஜெனவீவின் ஷாட்டில் அந்த இடைவெளி இருக்கிறது, யோகனும் அதே அளவு நின்றால்தான் இரண்டும் ஒட்டும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அவன் என்னைத் தேடிக்கொண்டு தேநீர் மேசைக்கு வந்தான்.

"அண்ணை, அந்த இடத்திலை என்ன நினைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

உன்னைத்தான் என்று வாய் வரை வந்தது. "கடைசி வசனம் எல்லே? அதைச் சொன்னால் எல்லாம் முடிஞ்சுது எண்டு தெரியும். சொல்ல மனம் வரேல்லை" என்றேன்.

அவன் கனநேரம் தலையை ஆட்டினான். "ஓமண்ணை. கோப்பியைப் பற்றிக் கதைச்சால் மகன் செத்தது உண்மையாயிடும் என்ன?" என்றான். போய் நின்றான். கமரா ஓடியது. என் மௌனத்தை எடுத்துத் தன்னுடையது ஆக்கி, நடுவில் கோப்பிக் கோப்பையை ஒரு விரலால் அரை அங்குலம் அவள் பக்கம் தள்ளினான். அந்த விரலை நான் யோசித்திருக்கவில்லை. வீட்டுக்குப் போகும்வரை அந்த விரல் என்னைத் தின்றது.

அந்தக் காட்சி டிவியில் வந்த பிறகு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். கோயிலில், கலியாண வீட்டில், மெட்ரோவில், எங்கே போனாலும் யோகன்தான். "உந்த மௌனம் ஒண்டு காணும், நூறு வசனம் பேசினதுக்குச் சமன்" என்று கர்க்லாண்டில் இருந்து ஒரு கலியாணத்துக்கு வந்த டாக்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் பக்கத்தில் பாயசக் கப்பை வைத்துக்கொண்டு நின்றேன்.

யோகன் மறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "அது என்ரை இல்லை டாக்டர். மகேசண்ணை செய்தது. நான் பாத்துச் செய்தனான்" என்றான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார், பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு பேர் வந்தாப் பிறகும் என்ன பணிவு பாருங்கோ."

என்னுடைய மௌனமும் அவனுக்குப் போயிற்று, அதை என்னுடையது என்று சொன்ன பெருந்தன்மையும் அவனுக்கே போயிற்று. அவன் பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம். அன்றிரவு தேவியிடம் நான் வேலையை விடப்போகிறேன் என்றேன். "விடுங்கோவன், ஆர் மறிச்சது" என்றா. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. விடவில்லை.

5. இரண்டாம் சீசன்

இரண்டாம் சீசனில் அதே கடை, அதே கவுண்டர். மகனைக் கொன்றவனைப் பிடித்துவிட்டோம் என்று ஜெனவீவ் வந்து சொல்கிற காட்சி. யோகனின் பக்கத்தை முதலில் எடுத்தார்கள். பிறகு கமரா ஜெனவீவின் பக்கம் திரும்பியது. இந்தத் தடவை யோகனுக்குப் பல்லெல்லாம் சுகம். லென்ஸுக்குப் பக்கத்தில் அவனே நின்று வசனம் சொன்னான். இரண்டு தடவை எடுத்தார்கள். இரண்டும் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை.

ஜெனவீவ் கரீனைக் கூப்பிட்டுக் காதோடு ஏதோ சொன்னாள். கரீன் யோகனிடம் வந்து, "நீங்கள் களைச்சுப் போனியள், கொஞ்சம் இருங்கோ. மெஸ்யூ மகேஸ் சொல்லட்டும்" என்றாள். அவன் களைக்கவில்லை என்று செட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவன் மார்க்கை விட்டு வெளியே வந்தான். நான் உள்ளே போனேன். ஒருவரை ஒருவர் கடக்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னேன், மெதுவாக, நடிக்காமல். முதல் டேக்கிலேயே டைரக்டர் கையைத் தட்டினார். திரும்பிப் பார்த்தேன். யோகன் மொனிட்டருக்குப் பின்னால் நின்றான். உதட்டில் சிரிப்பு, கண்ணில் இல்லை. கை இரண்டையும் கட்டி விரல்களைக் கக்கத்துக்குள் இறுக்கி வைத்திருந்தான்.

தேநீர் மேசையில் வந்து, "நல்லாச் செய்தனீங்கள் அண்ணை" என்றான். அதோடு போயிருக்கலாம். போகவில்லை. கப்பை உருட்டிக்கொண்டு நின்றான். "என்னட்டை இல்லாதது உங்களிட்டை என்ன இருக்கெண்டு அவ உங்களைக் கூப்பிடச் சொல்லுறா? நான் என்ன பிழை விட்டனான்?"

ஆறுதலுக்கு ஏதும் சொல்லியிருக்கலாம். அவன் எனக்கு வேலை வாங்கித் தந்தவன், உண்மையை மறைக்காதவன். நான் சொல்லவில்லை. "தெரியேல்லை தம்பி" என்று சொல்லிவிட்டு, ஒரு பிஸ்கட்டை எடுத்து ஆற அமரக் கடித்தேன். அவன் அடுத்த காட்சி முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

பிள்ளைகளே, நான் கற்றது இரண்டு விசயம். கேட்கிறார்களோ இல்லையோ வசனத்தைப் பாடமாக்கி வையுங்கள். அடுத்தது, பாராட்டு வரும் என்று சனத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், சனம் திரையில் வந்த முகத்தைத்தான் பாராட்டும். என் முகம் இன்றுவரை ஒரு எபிசோடிலும் வரவில்லை, முடிவில் ஓடுகிற பட்டியலில் பெயரும் இல்லை. ஆனால் யோகன் நல்ல நடிகன். இதை நான் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. அப்படிப்பட்ட ஒருத்தன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். வேறு யார் என்னை நடிகன் என்று சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.