சூளகிரியில் முக்கால் மணி நேரம்

மகளைப் பெங்களூரில் விமானம் ஏற்றிவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்புகிறேன். வழியில் சூளகிரியில் காரை ஓரங்கட்டிவிட்டு டீ கேட்கிறேன். அவள் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போகிறாள். எங்கள் சபையில் மிஷனெரிக் குழுச் செயலாளர் நான்தான். "ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளை அனுப்பும்" என்று பத்து வருடமாக மைக்கில் ஜெபித்தவன். அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத்தான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

டீக்கடை அம்மா என் காரை எட்டிப் பார்க்கிறார்.

"பின் கண்ணாடியில வசனம் ஒட்டியிருக்கு. சர்ச்சுக்காரரா, அண்ணா?"

"ஆமாங்க."

"இங்க கம்பெனி வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் பொண்ணுங்க ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு இந்தப் பெஞ்சுலதான் ஜெபம் பண்ணுதுங்க. உங்காளுங்க ஒருத்தரும் வர்றதில்லையே?"

"கிருஷ்ணகிரியிலேர்ந்து கொஞ்சம் தூரம்..."

"முக்கா மணி நேரம்ணா!"

சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்களைச் சந்திக்கும் யோசனை குழுவுக்கு வந்தபோது, 'தொலைவு காரணமாக ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதியது என் பேனா. மலாவி சபைக்கு மட்டும் மூன்று கடிதம் போட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகளைத் தனியே விட்டுவிடாதீர்கள் என்று.

"இந்த ஞாயிறு வரேம்மா."

"அதுங்ககிட்ட சொல்லிடுவேன். ஏமாத்திப்புடாதீங்க."

மூன்று மணி என் மதியத் தூக்க நேரம். அதுகூடப் பரவாயில்லை. பாஷை தெரியாத ஊரில் என்னம்மா செய்வாய் என்று மகளை ஒரு மாதமாக மிரட்டிய எனக்கு, இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.