காரைப் புதரும் என் வாயும்

புல்வெளியைக் காப்பாற்றப் போய் அதற்கு மொட்டை அடித்துவிட்டு வந்த முட்டாள் நான்தான். அரிவாளை நான் தொடவில்லை. குனிந்து வெட்டுகிற அளவுக்கு என் தொப்பை இடம் கொடுக்காது. எல்லாவற்றையும் வாயாலேயே செய்தேன். என் மூளை செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் என் வாய் தெருமுனைக்குப் போய் டீ சொல்லிவிடும். ஐம்பதை நெருங்கும் வயதில் இதைத் திருத்த முடியாது. எழுதி வைக்கலாம், அவ்வளவுதான்.

நான் பார்ப்பது செடிகொடிகளை வகை பிரிக்கிற வேலை. யாரும் நட்டு வளர்த்தவை அல்ல, தானாக முளைத்தவை. புதுச்சேரியைச் சுற்றி இன்னும் மனை போடாமல் மிச்சமிருக்கும் திறந்த நிலங்களுக்குப் போக வேண்டும். எந்த மண், எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அங்கே எந்தெந்தச் செடிகள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன என்று பார்த்து அந்த இடத்துக்கு ஒரு வகைப்பெயர் சூட்ட வேண்டும். கடலோர மணல், உப்பங்கழி ஓரம், ஏரியின் உள்வாய், செம்மண் மேடு, ஒவ்வொன்றிலும் புல்நிலம் தனி, புதர்நிலம் தனி. கேட்க எளிதாக இருக்கிறது. சேரும்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆயுதம் என்று பார்த்தால் பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு சதுரச் சட்டம். அதைத் தரையில் போட்டு, உள்ளே எந்தச் செடி எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். ஸ்கூட்டரில் வைக்க இடம் கிடையாது. கழுத்தில் மாலைபோல மாட்டிக்கொண்டு போவேன். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் பாதிப்பேர் என்னை பிளம்பர் என்றே நம்பியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் என்னை நிறுத்தி, டேங்க் வழிகிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். விளக்கம் சொல்ல நேரமில்லாமல் மாடி ஏறினேன். மிதவை கோணிக்கொண்டிருந்தது, நிமிர்த்தினேன், தண்ணீர் நின்றது. இந்த வேலையில் இதுவரை நான் கண்ட ஒரே தெளிவான வெற்றி அதுதான்.

மற்றதெல்லாம் குழப்பம். குருசுக்குப்பம் பக்கம் மணலைப் பார்க்கப் போனேன். கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியது போக மிஞ்சிய இடத்தில் அடப்பங்கொடி நன்றாகவே படர்ந்திருந்தது. சட்டத்தைப் போட்டுவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து நிமிர்வதற்குள் அதன்மேல் மீனவர்கள் வலையை விரித்துவிட்டார்கள். கொஞ்சம் எடுங்கள் என்றேன். காய்ந்ததும் எடுப்பார்களாம். கொடி எங்கே ஓடிப்போகிறது என்று கேட்டார் ஒருவர். நியாயம்தான். வலை காயும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்ததில் நான்தான் நன்றாகக் காய்ந்தேன்.

எங்கள் திட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பழைய தமிழ்க் குடும்பம். எல்லாரும் மதாம் என்போம். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, 'போன்' என்று ஒரே ஒரு சொல் சொல்வார். பிரெஞ்சில் அதற்கு 'நல்லது' என்று பொருளாம். அவர் வாயிலிருந்து அது வந்து யாருக்கும் நல்லது நடந்து நான் பார்த்ததில்லை.

மதாமின் விதி இது: புதர் பாதிக்கு மேல் மூடியிருந்தால் புதர்நிலம், குறைந்தால் புல்நிலம். இரண்டும் இயற்கையானவை, அவற்றில் யாரும் கை வைக்கக் கூடாது. மூன்றாவதாக ஒரு வகை உண்டு, சிதைந்த நிலம். வெட்டியது, தோண்டியது, குப்பை கொட்டியது எல்லாம் இதில் சேரும். எங்கள் வரைபடத்தில் ஓர் இடம் சிதைந்த நிலம் என்று விழுந்தால், மறு வருடமே வனத்துறைக்காரர்கள் வந்து அங்கே குழி தோண்டி மரக்கன்று நட்டு வேலி போட்டுவிடுவார்கள். மரம் நடுவதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இந்த நிலங்களின் புல்லுக்கு வெயில் வேண்டும். மேலே நிழல் விழுந்தால் அது சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு செம்மண் மேடு இருக்கிறது. என் வயிற்றெரிச்சல் முழுக்க அங்கேதான். முழங்கால் உயரத்துக்கு ஊசிப்புல், அதன் நடுவே காரை, சூரை, விராலி என்று புதர்கள். சட்டத்தை இந்தப் பக்கம் போட்டால் புல்நிலம், இரண்டடி தள்ளிப் போட்டால் புதர்நிலம். காலையில் ஒரு முடிவுக்கு வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் முடிவு மாறியிருக்கும். இட்லியின் பேரில்கூடச் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்தால் கால்சட்டை முழுக்க ஊசிப்புல்லின் விதை குத்திக்கொண்டிருக்கும். என் மனைவி அதை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலேயே விடமாட்டாள். மேட்டில் புல் அதிகமா புதர் அதிகமா என்று தெரியாமல் தவிப்பதாக அவளிடம் புலம்பியபோது, "கால்சட்டையப் பாத்துட்டு எழுதுங்க, புல்லுதான் அதிகம்" என்றாள்.

அந்த மேட்டில் ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் உண்டு. என்னைவிடச் சின்னவராகவும் இருக்கலாம். அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. முன்பு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாராம். ஆள் குறைத்தபோது நின்றுவிட்டு ஆடு வாங்கியிருக்கிறார். மேட்டுக்குப் பக்கத்து நிலத்தில் ஏற்கனவே கன்று நட்டு வேலி போட்டாகிவிட்டது. அவருடைய ஆடுகளுக்கு மிச்சம் இந்த மேடு ஒன்றுதான். எங்கள் வரைபடத்தில் என்ன விழுந்தால் வேலி வரும், என்ன விழுந்தால் வராது என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவைத்தவன் நான். அப்போதே வாயை மூடியிருக்க வேண்டும்.

என்னைக் கண்டதும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இன்னா சார், இன்னைக்கும் புல்லு பாஸா, பெயிலா?"

ஒருநாள் நல்ல வெயில். ஓர் ஆடு என் அளவுக் கயிற்றை மென்றுகொண்டிருந்தது. சட்டம் ஒரு காரைப் புதரில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இழுத்ததில் முழங்கையில் முள் கீறிவிட்டது. வெறுத்துப்போய் அந்த அக்காவிடம் சொன்னேன்: "இந்தக் காரை மட்டும் இல்லைன்னா எனக்கு இந்தத் தலைவலியே இல்லக்கா. புல்லுன்னு எழுதிட்டு நிம்மதியா போயிடுவேன். உங்க ஆட்டுக்கும் தொந்தரவு இல்ல."

அவர் ஆட்டின் வாயிலிருந்து கயிற்றைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். நான் புலம்பினேன், அவர் கேட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். எனக்கு அது புலம்பல். கழுத்தில் சட்டம் மாட்டிக்கொண்டு, வரைபடம் வரைய வந்தவன் வாயிலிருந்து வந்ததால் அவருக்கு அது உத்தரவு.

அதன்பின் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்ததும் மதாம் தொலைபேசியில் அழைத்தார். புல்லா புதரா என்று நான் மாற்றி மாற்றி எழுதுவதைப் பார்த்துச் சலித்து, நேரிலேயே வந்து முடிவு செய்வதாகச் சொன்னார். காரில் போனோம். வழியெல்லாம் ஒரே நிலத்தில் புல்லும் புதரும் கலந்து வாழ்வதைப் பற்றி நான் விளக்கிக்கொண்டே போனேன். அவருடைய மாணவர்களுக்கு அவர் பல வருடம் நடத்திய பாடத்தை அவருக்கே நடத்தினேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மேட்டில் இறங்கியதும் எனக்கு இடம் மாறி வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு புதர்கூட இல்லை. காரை, சூரை, விராலி எல்லாம் தரையோடு தரையாக வெட்டப்பட்டு, மஞ்சளாக அடிக்கட்டைகள் மட்டும் பளிச்சென்று நின்றன. வெட்டியதை இழுத்துக்கொண்டு போன தடத்தில் புல் மிதிபட்டுக் கிடந்தது.

ஆட்டுக்கார அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "உன் வேலைய சுலபமாக்கிட்டோம் சார். எங்க தெருவே வந்து வெட்டுச்சு. முள்ளெல்லாம் ஆட்டுப்பட்டிக்கு வேலியா போட்டுட்டோம். ஆடு ஆசையா கடிக்கிற தழைதான், போனா போவுதுன்னு விட்டுட்டோம். புல்லுன்னு எழுதிக்கோ."

மதாம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் வெட்டச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"சார்தாம்மா சொன்னாரு."

மதாம் கண்ணாடியைக் கழற்றினார். "போன்," என்றார். பிறகு தமிழில், "சிதைஞ்ச நிலம்."

அக்காவுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும், நான்தான் சொல்லியிருந்தேனே. அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் ஓர் அடிக்கட்டையைக் குனிந்து ஆராய்ந்தேன். தொப்பை அன்று தாராளமாக வளைந்தது.

திரும்பும் வழியில் மதாமிடம் கெஞ்சினேன். குற்றம் என்னுடையது, நான் உளறியதை அவர்கள் வேலையாகச் செய்துவிட்டார்கள், புல்லின் வேர் அங்கேயேதான் இருக்கிறது, புதரின் வேரும் இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். கோரிமேட்டைத் தாண்டினோம். நான் சொல்வதைச் சொல்லி முடித்து, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தபோதுதான் மதாம் வாயைத் திறந்தார்.

"காரை கட்டையிலேர்ந்து துளிர்க்கும். மழை முடியட்டும், நானே வந்து பாக்கறேன். புதர் எழுந்து, புல்லு பூத்து நின்னா வகையை மாத்தலாம். அதுவரைக்கும் அந்த இடம் மேப்ல வகை போடாம வெள்ளையா இருக்கட்டும். ஆனா நடுவுல ஆடு வாய் வெச்சதுன்னா முடிஞ்சது. துளிரைத்தான் அது முதல்ல தின்னும்."

அந்த நிமிடம் ஆறுதலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றி மாட்டும்போதுதான் விஷயம் புரிந்தது. ஆடு மேய இடம் வேண்டும் என்பதற்காகப் புதரை வெட்டியவர்களிடம் போய், புதர் வளர வேண்டும் என்பதற்காக ஆட்டை மேய்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். இதையும் நான்தான் சொல்ல வேண்டும். என் மனைவியிடம் சொன்னேன். நானாக இருந்தால் உங்களை அனுப்ப மாட்டேன், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்புவேன் என்றாள்.

மறுநாள் போனேன். சட்டத்தை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருந்தது. அக்கா மேட்டின் ஓரத்தில் ஆடுகளோடு நின்றிருந்தார். வழியெல்லாம் ஸ்கூட்டரில் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு மறந்துபோனதால், உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"ஆட்டுக்காகத்தான வெட்டுனோம்," என்றார். "இப்ப ஆடே வரக் கூடாதா?"

மழை முடிகிறவரைக்கும்தான் என்றேன். துளிர் வந்தால் மேடு தப்பிக்கும், இல்லாவிட்டால் வேலி வந்துவிடும் என்றேன். அவர் ஓர் அடிக்கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்து நிலத்தின் வேலியைப் பார்த்தார். உள்ளே கன்றுகள் பாதிக்கு மேல் காய்ந்து, நட்டுவைத்த குச்சிகள்போல நின்றன.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவர் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். ஆடுகளெல்லாம் தலையைத் தூக்கின. ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார். அங்கே போக லாரிகள் ஓடுகிற ரோட்டைத் தாண்ட வேண்டும், தினமும் போக, தினமும் வர. நான் ரோட்டில் இறங்கி நின்று இரண்டு கையையும் விரித்தேன். ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தே என்னை ஓரம்கட்டினார். ஆடுகள் என்னை நம்பாமல் அக்காவை நம்பி ரோட்டைத் தாண்டின.

மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போனேன். ஊரில் மற்றவர்களும் மேட்டுக்கு ஆடு ஓட்டாமல் இருக்க வேண்டுமே, நான் வேண்டுமானால் உங்கள் தெருவுக்கு வந்து எல்லாரிடமும் எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"நீ யாராண்டயும் பேசாத சார்."