எப்படிக் கூட்டினாலும் முப்பத்து மூன்று

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பெயர் தெரிந்தவர்களும் கிடையாது. ஐந்து மாடிக் கட்டடம், அதைவிட வயதான லிஃப்ட். இழுத்துச் சாத்தும் இரும்புக் கிராதிக் கதவு அவர் கைக்கு மட்டும்தான் அடங்கும். உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் உள்ளங்கை அகல மின்விசிறி. பதினெட்டு வருடமாக அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்து மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேல போறீங்கக்கா!" என்பார் நாலாவது மாடி பேப்பர் கடைக்காரர்.

"எல்லாரையும் ஒருநாள் மேல கூப்பிடுவாங்க. இப்போதைக்கு உனக்கு நாலாவது மாடிதான், இறங்கு."

அம்மா போனபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, தங்கைக்கு நான்கு. அப்போதிருந்து தங்கைக்குத் தலைவாரி, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தார். தான் மட்டும் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "என்னைப் பார்க்க வந்தவங்க எல்லாம் அஞ்சாவது மாடிக்குப் போற அவசரத்துல இருந்தாங்க. எனக்குக் கீழ வேலை இருந்துச்சு" என்று சிரிப்பார். பெண்கள் விடுதியில் நாலு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் அவருடையது.

நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. வாயைத் திறக்காதவனிடம் எதையும் கொட்டலாம் என்று எல்லோருக்கும் தோன்றும்போல. இரண்டு மாடி ஏறுவதற்குள் அக்கா என்னிடம் பாதிக் கதையைச் சொல்லிவிடுவார், மீதியை இறங்கும்போது. அப்படித்தான் தங்கைக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது தெரிந்தது. இரண்டு முறையும் அக்கா பக்கத்தில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கையின் மாமியார் அக்காவைக் காட்டி எல்லோர் காதிலும் விழும்படி, "ஏழரை நடந்து வருது பாரு" என்றாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லும்போது கதவுப் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தங்கைக்கு மூன்றாம் முறை கரு நின்று ஏழாம் மாதம் பிறந்ததும் அக்கா மூன்றாவது மாடி ஜோசியரிடம் போனார். அக்காவுக்கு ஏழரைச் சனி நடப்பது உண்மைதான் என்றார் அவர். சனி யந்திரம் ஒன்றைத் தகட்டில் வெட்டி வைத்து நாற்பத்தெட்டு நாள் விடாமல் பூஜை செய்ய வேண்டும், அதுவரை தங்கை வாசலை மிதிக்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவது மாடியில் கேடயம், பெயர்ப்பலகை, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் எனக்கு வேலை. ஜோசியருக்கு வேண்டிய தகடுகளையும் நாங்கள்தான் வெட்டிக் கொடுப்போம். கம்ப்யூட்டரில் எண்களை அடித்துக் கொடுத்தால் மெஷின் செம்பில் கீறிவிடும். அக்காவே சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்பது கட்டம், ஏழு முதல் பதினைந்து வரை ஒன்பது எண்கள். நேராகவோ குறுக்காகவோ எப்படிக் கூட்டினாலும் முப்பத்து மூன்று வர வேண்டும். "அதுதான் இதோட உயிராம், தம்பி" என்றார்.

என் பக்கத்தில் ஒரு கவிதைப் புத்தகம் திறந்திருந்தது. அதில் ஒரு வரி பிடிபடாமல் படுத்திக்கொண்டிருந்தது. சீட்டைப் பார்த்து விரல்கள் அடித்தன, மனம் அந்த வரியிலேயே கிடந்தது. "இவனை விட்டா பரிசுக் கேடயத்துல ஆழ்ந்த இரங்கல்னு அடிச்சுடுவான்" என்று முதலாளி அதற்கு முந்தின வாரம்தான் கத்தியிருந்தார். சூடு ஆறாத தகட்டை அக்கா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விடுதியில் விளக்கேற்ற முடியாது. "தீப்பெட்டி உரசுற சத்தம் கேட்டாலே வார்டன் வந்து நிப்பாங்க." அதனால் மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் அறையில் ஒரு மூலையை எண்ணெய்க் கறை போகத் தேய்த்துக் கழுவி, அங்கே தகட்டை வைத்தார். காலையில் முதல் ஆள் வருவதற்குள் குங்குமம் இட்டு, விளக்கேற்றி, மந்திரத்தை நூற்றெட்டு முறை சொல்லி முடித்துவிட்டு இறங்கி வருவார்.

முப்பத்தோராம் நாள் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஒரு கிலோ சொச்சம்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாள் லிஃப்டில் என்னைத் தவிர யாருமில்லை. அக்கா இரண்டாவது மாடியில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காமல் நின்றார்.

"ஒருநாள் விடுதியில தண்ணி வரல, தம்பி. குளிக்காம மூஞ்சி மட்டும் கழுவிட்டுப் போய் விளக்கேத்திட்டேன். யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன். அது அந்தப் பிஞ்சு மேல விடிஞ்சிருக்கு."

அவரிடம் சொல்ல எனக்கு அன்று எதுவும் தெரியாது. ஜோசியரிடமும் ஒப்புக்கொண்டிருக்கிறார். முறை தவறினால் மறுபடி முதல் நாளிலிருந்துதான் என்று அவர் சொல்லிவிட்டார். அது முடியும்வரை குழந்தையைப் பார்ப்பதில்லை என்று அக்கா வைராக்கியமாக இருந்தார்.

ஒரு வாரம் கழித்து வேறு யாருக்கோ சனி யந்திரம் கேட்டுச் சீட்டு வந்தது. பழைய ஃபைலைத் திறந்தேன். சும்மாதான் கூட்டிப் பார்த்தேன். முதல் வரிசை முப்பத்து மூன்று, இரண்டாவதும் அதே. மூன்றாவதில் எட்டு, பதினான்கு, பத்து. பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் பதினான்கு.

ஒரு நொடியில் திருத்திச் சேமித்தேன். புது ஆளுக்குச் சரியான தகடு போயிற்று. தவறான தகடு உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. செம்பில் முப்பத்திரண்டு இருந்தால் என்ன, முப்பத்து மூன்று இருந்தால் என்ன என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் முதலாளி பார்க்கிறாரா என்று திரும்பியும் பார்த்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து படியில் ஏற ஆரம்பித்தேன்.

"என்ன தம்பி, லிஃப்ட் மேல கோவமா?"

"உடம்புக்கு நல்லதுக்கா."

"உன்கிட்ட இருக்கறதே எலும்புதான். அதையும் தேய்க்கணுமா?"

இரண்டு வாரத்தில் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தங்கை போன் செய்தால் அக்கா எடுப்பதில்லையாம். படம் அனுப்பினால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாராம். பேப்பர் கடைக்காரர் சொன்னார்.

அதற்கும் இரண்டு வாரம் கழித்து, கேடயங்கள் நிறைந்த பெட்டி ஒன்றை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் கனத்தோடு படியேற முடியாது. கீழ்த்தளத்தில் பெட்டியோடு லிஃப்டுக்குள் நுழைந்தேன். அக்கா கதவை இழுக்கப் போன சமயம் வாசல் வழியாக ஒரு பெண் வந்தாள். கையில் துவாலையில் சுற்றிய குழந்தை.

"அக்கா!"

அக்கா கதவைப் படாரென்று சாத்தினார்.

"இது பாப்பா, அக்கா. ஒரு தடவை பாரு." தங்கை கிராதிக்கு அருகில் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அக்கா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் கிளம்பியது. கீழிருந்து குரல் மட்டும் கூடவே வந்தது. "இப்ப நீ வரலேன்னா இனிமே நான் உன்னைத் தேடி வரமாட்டேன்! பாப்பாவுக்குப் பெரியம்மா இல்லன்னே சொல்லி வளர்ப்பேன்!"

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் நின்றது. கீழே யாரோ மணியை விடாமல் அழுத்தினார்கள்.

"நீ படியில போய், அக்கா இன்னைக்கு லீவுன்னு சொல்லிடு, தம்பி."

"அவங்க உங்களைப் பார்த்துட்டாங்களேக்கா."

"பார்த்தா என்ன, சொல்லு. இன்னும் பன்னிரண்டு நாள்தான். நடுவுல போய் மறுபடி அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அக்கா, தகட்டுல தப்பு இருக்கு."

"என்ன?"

"ஒரு எண்ணைத் தப்பா அடிச்சுட்டேன். தப்பு என்னோடது. நீங்க குளிச்சது குளிக்காதது ஒண்ணும் இல்லை."

என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து மொட்டை மாடிப் படியில் ஏறினார். நானும் பின்னால் போனேன். மோட்டார் அறையில் தகட்டை எடுத்துச் சேலைத் தலைப்பால் குங்குமத்தைத் துடைத்தார். விரல் வைத்து உரக்கக் கூட்டினார்.

"எட்டும் பதினாலும் இருபத்திரெண்டு. பத்து. முப்பத்திரெண்டு."

மறுபடி கூட்டினார். மூன்றாம் தடவை விரல் மட்டும் நகர்ந்தது.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நாலு வாரமா."

"பாப்பா வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அந்தத் தண்ணி வராத காலையை நெனச்சு நெனச்சு நான் செத்துக்கிட்டிருந்தேன். நீ படி ஏறிக்கிட்டிருந்த."

"வெறும் எண்தானேன்னு நெனச்சேன்க்கா…"

"வெறும் எண்ணா இருந்தா என்கிட்ட சொல்ல உனக்கு ஏன் வாய் வரல?"

மோட்டார் அறைக்கு ஜன்னல் இல்லை, எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்கா தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "அப்போ இது ஒண்ணும் பண்ணல. ஒண்ணும் பண்ணாமலே பாப்பா பொழைச்சு வீட்டுக்கு வந்துடுச்சு."

இன்னொரு தடவையும் அதையே சொன்னார். பிறகு தகட்டை என் கையில் திணித்தார். "புதுசா ஒண்ணு வெட்டு. என் எதிர்ல கூட்டிக் காட்டிட்டுக் கொடு." சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பெட்டியும் அவரோடு கீழே போய்விட்டது.

ஐந்து மாடியையும் நடந்து இறங்கினேன். லிஃப்ட் கீழே திறந்து கிடந்தது. கதவு சாத்திக்கொள்ளாதபடி என் பெட்டியைக் குறுக்கே தள்ளி வைத்திருந்தார்கள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. அதன் பிடிக்குள் அவருடைய சுண்டு விரல். எதிரே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"மேல போகணும்க்கா" என்றார் பேப்பர் கடைக்காரர்.

"கால் இருக்கில்ல? நடய்யா."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீங்கதானே அக்கா கூடப் போனீங்க? என்ன சொன்னீங்கன்னு தெரியல. எங்க வீட்டுல எல்லாரும் சொல்லிப் பார்த்தாச்சு, கேட்கல. ரொம்ப நன்றிங்க."

தகடு என் சட்டைப் பையில் இருந்தது.

"இல்லைங்க, நான் ஒண்ணும்…" என்றேன்.

"பாரேன், எவ்வளவு அடக்கம்" என்று தங்கை அக்காவிடம் சொன்னாள்.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து குழந்தையின் துவாலையைச் சரிசெய்தார்.

சொல்லியிருந்தால் தேவலை.