வலது கைக் கடிகாரம்

ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்ததும் முதல் வேலையாக அதைக் கவிழ்த்துப் போடுகிறார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிக்க ஆரம்பிக்கிறார். “முதல் பக்கத்துல எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் சார் இருப்பாங்க. சண்டை வந்தா எங்க போகணும்ங்கிறத கடைசிலதான் எழுதுவாங்க” என்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட அம்மா பின்னாலிருந்துதான் படிக்கும் என்று அவருடைய மகள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

எங்கள் வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் குமாஸ்தா. சட்டம் படித்தவர் இல்லை. ஆனால் எங்களிடம் வருவதெல்லாம் இந்த நாட்டு வியாபாரிக்கும் இன்னொரு நாட்டு வியாபாரிக்கும் இடையிலான தகராறுகள். முன்பெல்லாம் எதிர்க்கட்சி பெரிய பணக்கார நாட்டுக் கம்பெனியாக இருக்கும். இப்போது நம்மைப் போலவே நேற்றுத் தலையெடுத்த ஒரு நாட்டிலிருந்து, நம்மைப் போலவே தகரக்கூரை போட்ட ஒரு பட்டறையிலிருந்து மெஷின் வருகிறது. அது மக்கர் செய்தால், யார் மேல் தப்பு என்பதற்கு முன்னால், எந்த நாட்டு கோர்ட்டில் பேசுவது என்ற கேள்வி வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். பாதிப் பேர் அதிலேயே களைத்து வழக்கைக் கைவிட்டுவிடுவார்கள்.

இரண்டு கையிலும் கடிகாரம் கட்டுவார். இடது கையில் நம் ஊர் நேரம். வலது கையில், பட்டை தேய்ந்த பழைய கடிகாரத்தில், அப்போது நடக்கும் வழக்கின் எதிர்க்கட்சி ஊர் நேரம். “இப்ப போன் போடாதீங்க சார், அங்க சாப்பிடப் போயிருப்பாங்க. சாப்பிட்டு வரட்டும், நல்ல மூடுல இருப்பாங்க.” பஸ்ஸில் யாராவது மணி கேட்டால் எந்தக் கையைப் பார்ப்பது என்று ஒரு கணம் விழிப்பார். ஒரு தடவை கையை மாற்றிப் பார்த்துச் சொல்லிவிட, கேட்டவர் அலறியடித்துக்கொண்டு பாதி வழியிலேயே இறங்கி ஓடினாராம். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவருடைய கணவர், மணி தெரிய வேண்டுமானால் இவரைத் தவிர வேறு யாரைக் கேட்டாலும் கேட்பார்.

தாளில் ஓட்டை போட்டு ஃபைல் கட்டுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. “எழுத்து மேல ஓட்டையைப் போட்டுட்டா அப்புறம் யாரு வந்து அடைக்கிறது?” என்று வக்கீல் என்றும் பார்க்காமல் என்னையே திட்டியிருக்கிறார். நான் பஞ்சிங் மெஷினை மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

போன வருடம் குடைக்காரர் வந்தார். சின்னதாக ஒரு குடைத் தொழிற்சாலை வைத்திருப்பவர். இருபத்தாறு பேருக்கு அதுதான் சோறு. அவர் கடல் கடந்து வரவழைத்த மெஷின் மூன்று குடைக்கம்பிக்கு ஒன்றை முறித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. மழைக்காலம் நெருங்கும் நேரத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மெஷினை மாற்றித் தரக் கேட்டு வழக்குப் போட்டோம். மெஷின் கம்பெனி ஒரே ஒரு தாளின் நகலை கோர்ட்டில் நீட்டியது. முன்பக்கம் ஆர்டர், குடைக்காரரின் கையெழுத்து. பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து: எந்தத் தகராறானாலும் எங்கள் ஊர் கோர்ட்டில்தான், எங்கள் சட்டப்படிதான். அந்த ஊருக்குப் போக இரண்டு விமானம் மாற வேண்டும்.

“சத்தியமாச் சொல்றேம்மா, பின்னால வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஏஜென்ட் நேர்ல வந்து நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். வாங்கிட்டுப் போயிட்டான்” என்றார் குடைக்காரர், குமாஸ்தாவிடம்.

“உங்ககிட்ட ஒரு ஜெராக்ஸ் இருந்திருக்குமே?”

“கூரை ஒழுகி ஃபைலே கூழாயிடுச்சும்மா.”

“குடை செய்யுற இடத்துல ஃபைலுக்கு ஒரு குடை கிடைக்கலியா அண்ணே!”

குடைக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. நான் அந்தத் தாளை இருபது தடவையாவது படித்திருப்பேன். அங்கேயே போய் வழக்கை நடத்துங்கள், இல்லை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மனசுக்குள் தயாராகிக்கொண்டிருந்தேன்.

குமாஸ்தா தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்தத் தாளை என்ன பண்ணீங்க?”

“ஓட்டை போட்டு ஃபைல்ல மாட்டினேன். எந்தத் தாள் வந்தாலும் எனக்கு அதுதான் முதல் வேலை. மாட்டி வச்சாத்தான் கையெழுத்து கோணாம வரும். போட்டு முடிச்சதும் ஏஜென்ட் உருவிட்டுப் போனான்.”

இதற்கு ஒரு திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. தாளை என் மேஜையில் வைத்து விரலால் காட்டினார். முன்பக்கத்தின் இடது ஓரத்தில் இரண்டு கறுப்பு வட்டங்கள், ஓட்டைகள் நகலில் விழுந்த தடம். பின்பக்கத்தில், அவை இருந்தே ஆக வேண்டிய வலது ஓரம், துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்.

“ஓட்டை ஒரு பக்கத்தோட நின்னுடுமா சார்?”

அந்தப் பின்பக்கம் வேறு ஏதோ தாளிலிருந்து எடுத்தது. இருபது தடவையும் எழுத்தைத்தான் படித்திருந்தேன், தாளைப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

கோர்ட்டில் பேசியது நான். அவர் கடைசி பெஞ்சில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீதிபதி தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அசலைக் கொண்டு வாருங்கள்” என்றார். எதிர்க்கட்சி வக்கீல் இரண்டு வாய்தா வாங்கினார். மூன்றாவது தடவை, அசல் கிடைக்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பின்பக்கத்து நிபந்தனைக்குக் குடைக்காரர் சம்மதித்ததாக நிரூபிக்கவில்லை, கையெழுத்தானதும் இங்கே, மெஷின் பழுதானதும் இங்கே, ஆகவே வழக்கும் இங்கேயே நடக்கும் என்று உத்தரவாயிற்று.

வராந்தாவுக்கு வந்ததும் எதிர்க்கட்சி வக்கீல் என் தோளைத் தொட்டார். ஒன்பது மாதமாக வாயே திறக்காத கம்பெனி, வேறு மெஷினும் அதை மாட்ட ஒரு ஆளும் அனுப்பத் தயாராம். குடைக்காரர் அதைக் கேட்டு ஒரு துள்ளு துள்ளினார். அந்த வயதில், அந்தத் தொந்தியோடு! போனை எடுத்து மனைவியிடம் கத்தினார்: “ஜெயிச்சாச்சு! எல்லாரையும் வேலைக்கு வரச் சொல்லு! எங்கயும் போக வேணாம், நம்ம ஊர்லயேதான்!” வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

குமாஸ்தாவைத் தேடினேன். தூண் ஓரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். வலது கைக் கடிகாரத்தைக் கழற்றி, முள் திருப்பும் திருகை இழுத்து, இடது கையைப் பார்த்துப் பார்த்து முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே மணியைக் காட்டியதும் திருகை அழுத்திவிட்டு, கடிகாரத்தை மறுபடியும் கையில் கட்டிக்கொண்டார்.